தலையை ஆட்டாம, விரலை மட்டும் பாருங்க!

மருத்துவரின் ஒற்றை விரலைப் பின்தொடர்ந்து நம் கண்கள் போய்வரும் அந்த ஒரு நிமிடத்தில், மூளைத்தண்டின் உச்சி முதல் சிறுமூளை வரை எல்லாமே சோதனைக்கு வந்துவிடுகின்றன. பக்கவாதம், பாம்புக்கடி, சர்க்கரை நோய், வைட்டமின் குறைபாடு எனப் பல ஆபத்துகளை முதலில் காட்டிக்கொடுப்பது கண்ணசைவுதான்.

கையிலிருக்கும் இந்த இதழை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்ளுங்கள். தலையை ஆட்டாமல், இதழை மட்டும் இடமும் வலமுமாக வேகமாக ஆட்டிப் பாருங்கள். எழுத்தெல்லாம் கலங்கிப்போகும், ஒரு வரிகூடப் படிக்க முடியாது. இப்போது இதழை அசையாமல் பிடித்துக்கொண்டு, அதே வேகத்தில் தலையை மட்டும் ஆட்டுங்கள். எழுத்து அப்படியே நிற்கும். நிதானமாகப் படித்துக்கொண்டே போகலாம்.

இரண்டு தடவையும் தலைக்கும் காகிதத்துக்கும் இடையே நடந்த அசைவு ஒன்றுதான். ஆனால், முதல் தடவை கண்ணை நகர்த்தும் பொறுப்பு பார்வையிடம் இருந்தது. விழித்திரையில் விழுந்த படம் மூளைக்குப் போய், அங்கிருந்து கண்ணுக்கு ஆணை வந்து சேர ஏறக்குறைய 100 மில்லிநொடி ஆகிறது. அதற்குள் காகிதம் வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. இரண்டாம் தடவை அந்தப் பொறுப்பைக் காது எடுத்துக்கொண்டது. தலை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று உட்செவி அளந்து சொல்ல, சுமார் 10 மில்லிநொடிக்குள் கண்கள் அதே அளவு எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டன.

கேட்கத்தான் காது, பார்க்கத்தான் கண் என்று பிரித்துவைத்திருக்கிறோம். மூளை அப்படிப் பிரித்துவைக்கவில்லை. கண்ணைச் சற்றே நகர்த்துவதற்குக்கூட உட்செவி, மூளைத்தண்டு, சிறுமூளை, பெருமூளை எல்லாம் கூடி வேலை செய்கின்றன. இவற்றில் எந்த இடத்தில் கோளாறு வந்தாலும் கண்ணின் நடை மாறுகிறது. அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு, மண்டை ஓட்டைத் திறக்காமலேயே உள்ளே எங்கே கோளாறு என்று தெரிந்துவிடுகிறது.

கண் ஏன் ஓயாமல் நகர்கிறது?

விழித்திரையின் எல்லா இடமும் ஒன்றுபோலப் பார்ப்பதில்லை. அதன் நடுவே ஃபோவியா என்றொரு சின்னக் குழி இருக்கிறது. அகலம் ஒன்றரை மில்லிமீட்டர். எழுத்தைப் படிப்பது, ஊசியில் நூல் கோப்பது, கூட்டத்தில் தெரிந்த முகத்தை அடையாளம் காண்பது எல்லாம் அதன் வேலை. கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். அந்த நகத்தின் அகலம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு இடம்தான் ஒரு நேரத்தில் நமக்குத் துல்லியமாகத் தெரிகிறது. மற்றதெல்லாம் மங்கல்.

முழுக் காட்சியும் தெளிவாகத் தெரிகிறதே என்றால், கண் இடைவிடாமல் இடம் மாறிக்கொண்டே இருப்பதால்தான். விழித்திருக்கும் நேரமெல்லாம் நொடிக்கு மூன்று தடவை வரை கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுகிறது. படிக்கும்போது கண் வரியின் மேல் சீராக வழுக்கிக்கொண்டு போகிறது என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸில் எமில் ஜவால் என்ற கண் மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் உண்மை தெரியவந்தது. கண் தாவுகிறது, ஒரு நொடியின் நான்கில் ஒரு பங்கு நிற்கிறது, மறுபடி தாவுகிறது. இந்தத் தாவலுக்கு 'சக்காட்' என்று பெயர்.

அந்தத் தாவலை நாம் உணர்வதே இல்லை. கண்ணாடி முன்னால் நின்று உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். கண் நகர்வது உங்களுக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும். தாவும் அந்தக் கணத்தில் வரும் கலங்கலான படத்தை மூளை அடக்கிவிடுகிறது.

எங்கே தாவுவது என்று முடிவு செய்வதும் மூளைதான். ரஷ்ய ஆய்வாளர் அல்ஃப்ரெட் யார்பஸ், இல்யா ரெப்பின் வரைந்த ஓர் ஓவியத்தைக் காட்டி, பார்ப்பவரின் கண் போன வழியைப் பதிவு செய்தார். இந்தக் குடும்பத்தின் வசதி என்ன என்று கேட்டால் கண் உடைகளையும் வீட்டுப் பொருள்களையும் சுற்றியது. இவர்களுக்கு என்ன வயது என்று கேட்டால் முகம் முகமாகத் தாவியது. ஓவியம் ஒன்று, பார்ப்பவரும் ஒருவர். கேள்வி மாறியதும் கண்ணின் பாதை மாறிவிட்டது. நெற்றிக்குப் பின்னாலிருக்கும் பெருமூளைப் பகுதி, மனதின் கேள்வியைக் கண்ணுக்கான ஆணையாக மாற்றி மூளைத்தண்டுக்கு அனுப்புகிறது.

ஆறு தசைகள், மூன்று நரம்புகள்

ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் பிடித்திருக்கின்றன. மேலே, கீழே, மூக்குப் பக்கம், காதுப் பக்கம் என நான்கு நேர்த்தசைகள். கண்ணைச் சுழற்றும் சாய்தசைகள் இரண்டு. மூளையிலிருந்து புறப்படும் 12 இணை கபால நரம்புகளில் மூன்று இணைகள் இந்தத் தசைகளுக்காகவே இருக்கின்றன.

மூன்றாம் நரம்புக்குத்தான் வேலை அதிகம். ஆறில் நான்கு தசைகளை அது கவனிக்கிறது. மேல் இமையைத் தூக்குவதும், வெளிச்சம் பட்டதும் கண்மணியைச் சுருக்குவதும் அதன் பொறுப்பே. அதனால் அந்த நரம்பு செயலிழந்தால் இமை திரைபோல் மூடிக்கொள்ளும். இமையைத் தூக்கிப் பார்த்தால் கண் கீழ்நோக்கியும் வெளிநோக்கியும் திரும்பி நிற்கும்.

நான்காம் நரம்பு ஒரே ஒரு தசைக்கு உரியது. அந்தத் தசை கண்குழியின் மேல்மூலையிலிருக்கும் கப்பி போன்ற ஒரு வளையத்துக்குள் புகுந்து திரும்பிக் கண்ணில் இணைகிறது. கபால நரம்புகளிலேயே மெல்லியது இதுதான். மூளைத்தண்டின் முதுகுப் பக்கத்திலிருந்து வெளிவரும் ஒரே கபால நரம்பும் இதுதான். வெளிவரும் முன்பே எதிர்ப்பக்கத்துக்குக் கடந்து, பிறகு மூளைத்தண்டைச் சுற்றிவந்து கண்ணை அடைகிறது. இவ்வளவு மெல்லிய நரம்பு இவ்வளவு தூரம் போவதால், தலையில் அடிபட்டால் எளிதில் சேதமாகிறது. பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர் சில நாள் கழித்து, "படி இறங்கும்போது ரெண்டு ரெண்டா தெரியுது" என்று சொன்னால் இந்த நரம்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். கண்ணைக் கீழே இறக்குவதில் இந்தத் தசைக்குப் பெரும்பங்கு உண்டு. அப்படிப்பட்டவர் தன்னை அறியாமலே தலையை ஒரு தோள்பக்கம் சாய்த்து வைத்துக்கொள்வார். அப்படிச் சாய்த்தால்தான் இரண்டு உருவமும் ஒன்றாகச் சேரும்.

ஆறாம் நரம்பு கண்ணைக் காதுப் பக்கம் திருப்புகிறது. மண்டைக்குள் அழுத்தம் கூடினால் இந்த நரம்பு இழுபட்டுச் செயலிழக்கும். கட்டி மூளையின் ஒரு மூலையில் இருக்கும். பாதிப்பு வெகுதூரத்திலிருக்கும் ஆறாம் நரம்பில் தெரியும். நம் நாட்டில் இன்னும் அதிகமாகக் காணப்படும் காசநோய் மூளைக்காய்ச்சலில் பாதிக்கப்படும் கபால நரம்புகளில் முக்கியமானது இது. பல நாள் காய்ச்சலும் தலைவலியும் இருக்கும் ஒருவருக்கு ஒரு கண் திடீரென மூக்குப் பக்கம் திரும்பிக்கொண்டால், அது கண் நோயல்ல.

ஒரே நுகத்தில் இரண்டு கண்கள்

இடக்கண் ஒரு பக்கமும் வலக்கண் ஒரு பக்கமும் தம் போக்கில் போக முடியாது. ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகள்போல அவை சேர்ந்துதான் திரும்பும். இரண்டு கண்ணுக்கும் சம அளவு ஆணை போகிறது என்று 1868-லேயே ஜெர்மன் உடலியலாளர் எவால்ட் ஹெரிங் எழுதினார். அந்தப் பூட்டு எங்கே இருக்கிறது என்பது நரம்பியலின் அழகான செய்திகளில் ஒன்று.

வலப்பக்கம் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வலக்கண் காதுப் பக்கமும், இடக்கண் மூக்குப் பக்கமும் போக வேண்டும். முதலாவது ஆறாம் நரம்பின் வேலை; இரண்டாவது எதிர்ப்பக்க மூன்றாம் நரம்பின் வேலை. மூளைத்தண்டின் பான்ஸ் பகுதியிலிருக்கும் வலப்பக்க ஆறாம் நரம்பின் உட்கருவில் இரண்டு வகைச் செல்கள் உண்டு. ஒரு வகை நேரே வலக்கண் தசைக்குப் போகிறது. இன்னொரு வகை உடனே இடப்பக்கம் கடந்து, ஒரு நரம்புக் கற்றை வழியாக மேலேறி, நடுமூளையிலிருக்கும் இடப்பக்க மூன்றாம் நரம்பின் உட்கருவைத் தட்டுகிறது. ஓரிடத்தில் பிறந்த ஆணை இரண்டு கண்ணையும் ஒரே நேரத்தில் அடைகிறது.

அந்தக் கற்றை அறுந்தால் வலக்கண் திரும்பும். இடக்கண் நடுவிலேயே நின்றுவிடும். இடக்கண் தசையோ அதன் நரம்போ கெட்டுவிட்டதா? மருத்துவர் தன் விரலை நோயாளியின் மூக்குக்கு அருகே கொண்டுவருகிறார். கிட்டத்தில் பார்க்க இரண்டு கண்ணும் உள்நோக்கிக் குவிய வேண்டும். சற்றுமுன் நகர மறுத்த அதே இடக்கண் இப்போது மூக்குப் பக்கம் வருகிறது! தசை நன்றாக இருக்கிறது, மூன்றாம் நரம்பும் நன்றாக இருக்கிறது; இடையிலிருக்கும் கற்றையில்தான் கோளாறு என்று அந்த நொடியே தெரிந்துவிடுகிறது. இளவயதினருக்கு இப்படி வந்தால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயையும், வயதானவருக்கு வந்தால் பக்கவாதத்தையும் முதலில் நினைக்கிறார்கள். சில மில்லிமீட்டர் அளவுள்ள சேதத்தை ஒரு விரல் கண்டுபிடித்துவிடுகிறது.

தாவவும் வேண்டும், நிற்கவும் வேண்டும்

பெரிய சக்காட்டின் வேகம் நொடிக்கு 500 டிகிரிக்கு மேல் போகும். நம் உடலின் அதிவேக அசைவுகளில் ஒன்று அது. கண்குழிக்குள் கொழுப்பும் திசுக்களும் கண்ணைச் சூழ்ந்திருப்பதால், அதை அசைக்க முதலில் ஓர் ஓங்கிய உந்துதல் தேவை. போய்ச் சேர்ந்த இடத்தில் நிறுத்திவைக்க, அளவான ஒரு பிடிப்பும் தொடர்ந்து தேவை. இடவலத் தாவலுக்கான உந்துதல் பான்ஸிலிருந்தும், மேல்கீழ்த் தாவலுக்கான உந்துதல் நடுமூளையிலிருந்தும் வருகின்றன. பிடிப்பின் அளவைக் கணக்கிட மூளைத்தண்டில் தனி நரம்புக் கூட்டம் இருக்கிறது. தாவல் இலக்கைத் தாண்டினால் அல்லது எட்டாமல் போனால், அடுத்த தடவைக்குத் திருத்திக் கொடுப்பது சிறுமூளை.

பிடிப்பு தளர்ந்தால், ஓரமாகப் பார்க்கும் கண் அங்கே நிற்க முடியாமல் நடுவை நோக்கி நழுவும், உடனே மறுபடி ஓரத்துக்குத் தாவும், திரும்ப நழுவும். இந்தக் கண்ணாட்டத்துக்கு 'நிஸ்டாக்மஸ்' என்று பெயர். மது போதையில் இருப்பவரிடம் இதைக் காணலாம். வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் மருந்தின் அளவு ரத்தத்தில் கூடிவிட்டாலும் இதே ஆட்டம் வரும். வலிப்புக்கு மருந்து சாப்பிடுபவர் தள்ளாடுகிறார் என்று வீட்டில் சொன்னால், அனுபவமுள்ள மருத்துவர் முதலில் அவர் கண்ணை ஓரமாகப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

உந்துதல் கெட்டால் என்ன ஆகும் என்பதை உலகுக்குக் காட்டியவர்களில் ஓர் இந்தியர் முக்கியமானவர். மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் நோஷிர் வாடியா, தள்ளாட்ட நோயோடு வந்த குடும்பங்களில் வேறு யாரும் பொருட்படுத்தாத ஒன்றைக் கவனித்தார். அவர்களுடைய கண் தாவவில்லை, ஊர்ந்தது. இடமிருந்து வலம் பார்க்கச் சொன்னால் கண் மெல்ல மெல்ல நகர்ந்து போய்ச் சேர்ந்தது. சக மருத்துவர் சுவாமியோடு சேர்ந்து, இப்படிப்பட்ட ஒன்பது குடும்பங்களைப் பற்றி 1971-ல் 'பிரெயின்' ஆய்விதழில் எழுதினார். பரம்பரையாக வரும் தள்ளாட்ட நோய்களில் இது தனி வகை என்று கண்ணசைவின் வேகத்தை வைத்தே பிரித்துக் காட்டினார். இன்று அது எஸ்.சி.ஏ.2 என்று அழைக்கப்படுகிறது. அதற்குக் காரணமான மரபணு 1996-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. மரபணுச் சோதனைக்குக் கால் நூற்றாண்டு முன்பே, நோயாளியின் கண்ணைப் பொறுமையாகப் பார்த்த ஒருவர் அந்த நோயைப் பிரித்து அறிந்துவிட்டார்.

மேல்கீழ்ப் பார்வைக்கும் இப்படியொரு நோய் இருக்கிறது. ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஒல்ஷெவ்ஸ்கி என்ற மூவர் 1964-ல் விவரித்த அந்த நோயில் நடுமூளை மெல்ல மெல்லத் தேய்கிறது. கண் கீழே இறங்க மறுக்கிறது. தட்டிலிருக்கும் சோற்றைப் பார்க்க முடியாமல் சட்டையில் சிந்துவார்கள்; காரணமில்லாமல் பின்பக்கமாக விழுவார்கள். பார்க்கின்சன் நோய் என்று நினைத்து ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிடும் சிலருக்கு இருப்பது உண்மையில் இந்த நோய்தான்.

உட்செவி நின்றுபோனால்

தொடக்கத்தில் செய்து பார்த்த தலையாட்டல் சோதனை, உட்செவியின் அரைவட்டக் குழல்களால் நடக்கிறது. அவை இல்லாவிட்டால் வாழ்க்கை எப்படி இருக்கும்? முழங்கால் காசநோய்க்காக ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுக்கொண்ட அமெரிக்க மருத்துவர் ஒருவர், ஜே.சி. என்ற எழுத்துகளோடு 1952-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் தன் அனுபவத்தை எழுதினார். மருந்து அவருடைய இரண்டு உட்செவிகளின் சமநிலை உறுப்புகளையும் அழித்துவிட்டிருந்தது. தெருவில் நடக்கும்போது எதிரே வருபவரின் முகம் தெரியவில்லை, நின்றால்தான் தெரிந்தது. படுக்கையில் படிக்க முயன்றால், இதயத்துடிப்பால் தலையில் ஏற்படும் மெல்லிய அதிர்வுக்கே எழுத்துகள் குதித்தன. கட்டிலின் இரும்புக் கம்பிகளுக்கு இடையே தலையை அழுத்தி வைத்துக்கொண்டுதான் அவரால் படிக்க முடிந்தது. ஒவ்வொரு நாடித்துடிப்பையும் ஈடுகட்டி நம் கண்ணை நிலைநிறுத்தும் வேலை ஆயுள் முழுக்க நடந்துகொண்டிருக்கிறது என்பதை அந்தக் கட்டுரை மருத்துவ உலகுக்குப் புரியவைத்தது. ஸ்ட்ரெப்டோமைசினின் உறவு மருந்தான ஜென்டாமைசினுக்கும் இந்த ஆபத்து உண்டு.

இந்த அறிவைத்தான் இன்று பக்கவாதத்தைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்துகிறார்கள். விடாத தலைசுற்றல், வாந்தி, கண்ணாட்டத்தோடு ஒருவர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார். காது நரம்பின் அழற்சியாக இருக்கலாம், தானாகச் சரியாகிவிடும். மூளைத்தண்டிலோ சிறுமூளையிலோ வந்த பக்கவாதமாகவும் இருக்கலாம். சில மணி நேரத்தில் உயிர் போகக்கூடும். கை கால் விழாததால், வாய் கோணாததால், பக்கவாதம் என்று யாருக்கும் தோன்றாது.

மருத்துவர் தன் மூக்கைப் பார்க்கச் சொல்லி, நோயாளியின் தலையைச் சட்டென ஒரு சிறு கோணத்துக்குத் திருப்புகிறார். ஹல்மாகி, கர்தாய்ஸ் ஆகிய இருவர் 1988-ல் விவரித்த சோதனை இது. காதில் கோளாறு என்றால் கண் தலையோடு சேர்ந்து போய்விட்டு, பிறகு மூக்குக்குத் தாவித் திரும்பும். கண் அசையாமல் மூக்கிலேயே நின்றால் காது சரியாக வேலை செய்கிறது. அப்படியானால் இந்தத் தலைசுற்றல் எங்கிருந்து வருகிறது? மூளையிலிருந்து. இந்த நோயாளிகளிடம் மட்டும், சோதனை சரியாக இருப்பதுதான் ஆபத்தின் அறிகுறி. இதோடு, பார்க்கும் திசைக்கேற்பக் கண்ணாட்டத்தின் திசை மாறுகிறதா, ஒரு கண் மேலும் ஒரு கண் கீழுமாக நிற்கிறதா என்று இன்னும் இரண்டைப் பார்க்கிறார்கள். மூன்றும் சேர்ந்த இந்தச் சோதனைக்கு 'ஹின்ட்ஸ்' என்று பெயர்.

101 நோயாளிகளிடம் நடந்து 2009-ல் 'ஸ்ட்ரோக்' இதழில் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற மருத்துவரின் இந்தச் சோதனை பக்கவாதம் எதையும் தவறவிடவில்லை. அதே ஆய்வில், ஆரம்ப நேர எம்.ஆர்.ஐ. ஸ்கேன் சில பக்கவாதங்களைத் தவறவிட்டது. பயிற்சி இல்லாதவர் செய்தால் இவ்வளவு துல்லியம் கிடைப்பதில்லை என்று பிந்தைய ஆய்வுகள் சொல்கின்றன. கருவி எதுவும் வேண்டாம். கற்றுத் தேர்ந்த கண்ணும் கையும் கட்டாயம் வேண்டும்.

கட்டுவிரியனும் கண்ணிமையும்

கிராமத்து மருத்துவமனைகளில் விடியற்காலையில் வரும் சில நோயாளிகள் சொல்வது இது: "வயிறு வலிக்குது, கண்ணைத் திறக்க முடியல." ராத்திரி தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். எதுவும் கடித்ததாக நினைவிருக்காது. கட்டுவிரியனின் கடி பெரிதாக வலிக்காது, வீக்கம் வராது, பல்தடம்கூடத் தெரியாமல் போகலாம். அதன் நஞ்சு, நரம்பு முனையிலிருந்து தசைக்குச் செய்தி போவதை நிறுத்திவிடுகிறது. முதலில் இமை சரியும். பிறகு கண் அசைவது நிற்கும். உருவங்கள் இரண்டாகத் தெரியும். அதன்பின் விழுங்க முடியாது. கடைசியில் மூச்சுத் தசைகள் ஓயும். நல்ல பாம்பின் நஞ்சிலும் இதே வரிசைதான். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கண்ணாடி விரியன் கடித்தவர்களிடமும் இமை சரிவதுண்டு.

இமை சரிவதற்கும் மூச்சு நிற்பதற்கும் இடையிலான நேரம்தான் உயிர்பிழைக்கும் நேரம். நஞ்சுமுறிவு மருந்தும் தேவைப்பட்டால் செயற்கைச் சுவாசமும் அதற்குள் கிடைக்க வேண்டும். அந்த மருந்துக்கு வேண்டிய நஞ்சைச் சேகரித்துத் தருவதில் சென்னைக்கு அருகே வடநெம்மேலியிலிருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 1978-ல் தொடங்கப்பட்ட சங்கம் அது.

சர்க்கரையா, ரத்தக்குழாய் வீக்கமா?

ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை நோயுள்ளவர்கள் சுமார் 10 கோடி. அவர்களில் சிலருக்குத் திடீரென ஒரு பக்கக் கண்வலி, இமைச் சரிவு, இரட்டைப் பார்வை வருகிறது. மூன்றாம் நரம்புக்கு ரத்தம் தரும் நுண்குழாய் அடைபட்டதால் வருவது அது. பெரும்பாலும் மூன்று மாதத்தில் சரியாகிவிடும். மூளையின் ரத்தக்குழாயொன்று பலூன்போல வீங்கி அதே நரம்பை அழுத்தினாலும் அதே அறிகுறிகள்தான் வரும். அது எந்த நேரமும் வெடித்து உயிரைப் பறிக்கலாம்.

இரண்டையும் பிரித்துக்காட்டுவது கண்மணி. அதைச் சுருக்கும் இழைகள் மூன்றாம் நரம்பின் மேற்பரப்பில் ஓடுகின்றன. சர்க்கரை நோய் நரம்பின் நடுப்பகுதியைத் தாக்குகிறது. மேற்பரப்பு பெரும்பாலும் தப்பிவிடுகிறது. வெளியிலிருந்து அழுத்தும் வீக்கமோ முதலில் மேற்பரப்பைத்தான் நசுக்குகிறது. ஆகவே, இமை சரிந்த கண்ணில் கண்மணி விரிந்து, டார்ச் வெளிச்சத்துக்குச் சுருங்காமல் நின்றால் அந்த நோயாளியை ஒரு மணி நேரம்கூடக் காக்கவைக்கக் கூடாது. கண்மணி சரியாக இருந்தாலும், ஸ்கேன் தேவையா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

வேறு சில நோய்களும் கண்ணில்தான் முதலில் தெரிகின்றன. காலையில் நன்றாக இருந்து, சாயங்காலம் ஆக ஆக இமை சரிந்தால் மயஸ்தீனியா கிரேவிஸ் என்ற தசைச்சோர்வு நோயாக இருக்கலாம்; மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும். அதிகம் மது குடிப்பவருக்கோ, கர்ப்ப காலத்தில் வாரக்கணக்கில் விடாமல் வாந்தி எடுப்பவருக்கோ கண்ணசைவு நின்று, நடை தள்ளாடி, புத்தி தடுமாறினால் அது தயமின் என்ற பி1 வைட்டமின் குறைபாடு. கார்ல் வெர்னிக்கி 1881-ல் விவரித்த நோய் இது. உடனே தயமின் ஊசி போட்டால் சில மணி நேரத்திலேயே கண் அசையத் தொடங்குவதுண்டு. தாமதித்தால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடும்.

எதையெல்லாம் தள்ளிப்போடக் கூடாது?

• திடீரென வரும் இரட்டைப் பார்வை. ஒரு கண்ணை மூடினால் அது மறைந்துவிட்டால், இரண்டு கண்ணும் சேர்ந்து நகரவில்லை என்று பொருள். ஒற்றைக் கண்ணால் பார்க்கும்போதும் இரண்டாகத் தெரிந்தால் கோளாறு பெரும்பாலும் அந்தக் கண்ணுக்குள் இருக்கும்.

• திடீரென இமை சரிவது. அதிலும் கண்மணி பெரிதாகியிருந்தால் உடனடி அவசரம்.

• விடாத தலைசுற்றலோடு நிற்கவோ நடக்கவோ முடியாமல் போவது, பேச்சு குழறுவது, இரட்டைப் பார்வை.

• தூங்கி எழுந்ததும் வயிற்று வலியோடு இமை கனப்பது, விழுங்கச் சிரமப்படுவது. பாம்பைப் பார்க்கவில்லை என்றாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

• காய்ச்சல், தலைவலியோடு ஒரு கண் புதிதாக மாறுகண்ணாவது.

எல்லாம் நின்றபின்னும்

பிரான்ஸின் 'எல்' இதழ் ஆசிரியர் ஜான்-டொமினிக் பாபி 1995 டிசம்பரில் மூளைத்தண்டுப் பக்கவாதத்தால் விழுந்தார். நினைவு திரும்பியபோது கை, கால், வாய் எதுவும் அசையவில்லை. அறிவு முழுதாக இருந்தது. இப்படிப்பட்டவர்களுக்குப் பாதிக்கப்படுவது பான்ஸின் முன்பகுதி. உடலுக்குப் போகும் ஆணைகளெல்லாம் அந்த வழியாகத்தான் இறங்குகின்றன. இமையையும் மேல்கீழ்ப் பார்வையையும் ஆளும் நடுமூளை அதற்கு மேலே இருப்பதால் தப்பிவிடுகிறது. உதவியாளர் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்ல, வேண்டிய எழுத்து வரும்போது பாபி இடக்கண்ணைச் சிமிட்டினார். அப்படியே ஒரு முழுப் புத்தகத்தை எழுதி முடித்தார். 1997 மார்ச்சில் அது வெளியான சில நாள்களில் இறந்தார்.

மூளைத்தண்டு முழுதாக இறந்துவிட்டதா என்று தீர்மானிக்கும்போதும் கண்ணைத்தான் கேட்கிறார்கள். காதுக்குள் குளிர்ந்த நீரை விட்டால், மூளைத்தண்டு உயிரோடிருக்கும் மயக்க நோயாளியின் கண்கள் அந்தக் காதை நோக்கித் திரும்பும். வியன்னாவில் ராபர்ட் பாரனி என்ற மருத்துவர் காது கழுவும்போது கண்டறிந்த உண்மை இது. 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது, அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார். உறுப்பு தானத்துக்காக மூளைச்சாவை உறுதிசெய்யும் நம் நாட்டுச் சட்டநடைமுறையில் இந்தச் சோதனையும் ஒன்று. நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை சோதிக்க வேண்டும். கட்டுவிரியன் கடித்தவரின் கண்ணும் கண்மணியும்கூட அசைவற்று, மூளைச்சாவு போலவே தோன்றலாம். செயற்கைச் சுவாசத்தில் சில நாள் வைத்திருந்தால் அவர் எழுந்து நடப்பார். அதனால்தான் நஞ்சோ மருந்தோ காரணமில்லை என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும் என்கிறது அந்த நடைமுறை.

இவ்வளவு செய்தியைத் தரும் இந்தப் பரிசோதனைக்கு ஒரு விரலும் ஒரு டார்ச்சும் போதும். ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனாலும், தலைசுற்றல் என்று வந்தவரின் கண்ணசைவைப் பார்க்காமலே மாத்திரை எழுதிக்கொடுப்பது பரவலாக நடக்கிறது. இரட்டைப் பார்வை என்றால் கண்ணாடிக் கடைக்குப் போகும் வழக்கமும் இருக்கிறது. இரண்டும் மாற வேண்டும். "டாக்டர், கண்ணு எப்படி அசையுதுன்னு பார்த்தீங்களா?" என்று கேட்க நோயாளிக்கு முழு உரிமை இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும், 108 ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்கும், செவிலியர்களுக்கும் இதைக் கைப்பழக்கமாகவே கற்றுத்தர வேண்டும். ஸ்கேன் எந்திரமும் நரம்பியல் நிபுணரும் இருக்கும் நகரத்தைவிட, இரண்டுமே இல்லாத ஊரில்தான் இந்தத் திறமை அதிகம் தேவைப்படுகிறது.